வந்த புலியும் போன பாண்டாவும்: கொல்கத்தாவிலிருந்து சிங்கலிலா வரை

செவ்வாய், கொல்கத்தா

கொல்கத்தாவின் அலிப்பூர் உயிரியல் பூங்காவுக்கு வியாழக்கிழமை வார விடுமுறை. டார்ஜிலிங் பூங்காவுக்கும் அதே வியாழன்தான். சிலிகுரி அருகே இருக்கும் பெங்கால் சஃபாரிக்குத் திங்கள். இந்த மூன்றையும் பார்க்க நினைப்பவர்கள் முதலில் நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் செவ்வாய்க்கிழமை அலிப்பூரில் தொடங்கியது அதனால்தான்.

ஒரு பூங்காவுக்கு விலங்குகள் எங்கிருந்து வருகின்றன, யாரோடு ஜோடி சேர்க்கப்படுகின்றன, பிறந்த குட்டிகள் எங்கே போகின்றன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வண்டலூரைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிவரத் தெரிந்தவர்கள்கூட இதைப் பற்றி யோசிப்பதில்லை. போன விடுமுறைக்குப் பார்த்த விலங்கு இந்த விடுமுறைக்கு இல்லையென்றால், வயதாகி இறந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறோம். பல சமயம் அது ரயிலிலோ லாரியிலோ வேறு ஊருக்குக் குடித்தனம் போயிருக்கும்.

அலிப்பூரில் நான் முதலில் போன இடம் பாம்புகள் இருக்கும் பகுதி. 2019-இல் இங்கே வந்த அனகோண்டாக்கள் நம் ஊர்க்காரர்கள். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கும் சென்னை முதலைப் பண்ணையிலிருந்து வந்தவை. தென் அமெரிக்கச் சதுப்பு நிலத்துப் பாம்பு, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கங்கைக் கரைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

இந்தப் பூங்கா 1876-இல் திறக்கப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுக் கதையில் பெருமைப்படவும் இருக்கிறது, வருத்தப்படவும் இருக்கிறது. வருத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1970-களில் இங்கே புலியையும் சிங்கத்தையும் சேர்த்துக் கலப்பினக் குட்டிகளை உண்டாக்கினார்கள். ருத்ராணி என்ற கலப்பினப் பெண், ஓர் ஆசியச் சிங்கத்தோடு சேர்ந்து மறுபடியும் குட்டிகள் ஈன்றது. அவற்றில் 1979-இல் பிறந்த கியூபனாகன் முந்நூற்று அறுபது கிலோவுக்கும் மேல் வளர்ந்து, 1991-இல் இறந்தது. அந்த நாளில் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. எனக்கு அதில் கொண்டாட ஒன்றும் தெரியவில்லை. காட்டில் அந்த விலங்குக்கு இடம் இல்லை. எந்தக் காட்டுக்கும் அதன் வம்சம் உதவாது. ஓர் ஆசியச் சிங்கத்தின் இனப்பெருக்கக் காலம் வேடிக்கைக்குச் செலவாகிவிட்டது. பிற்பாடு இந்த வழக்கத்தை நிறுத்தியது சரியான முடிவு.

பெருமை அதற்கு முந்தைய நூற்றாண்டில் இருக்கிறது. ராம் பிரம்ம சன்யால் என்பவர் கண் கோளாறினால் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர். இந்தப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்து, அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளராக உயர்ந்தார். ஒவ்வொரு விலங்கும் என்ன தின்றது, எப்போது நோயுற்றது, எப்போது இணை சேர்ந்தது என்று எழுதி எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகளை வைத்து 1892-இல் ஒரு கையேடும் வெளியிட்டார். அவர் காலத்தில், 1889-இல், இங்கே ஒரு சுமத்ரா காண்டாமிருகம் குட்டி போட்டது. மனிதர் பராமரிப்பில் அந்த இனம் அடுத்த குட்டியைப் பெற்று வளர்க்க 2001 வரை, அதாவது நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அது அமெரிக்காவின் சின்சினாட்டி பூங்காவில் பிறந்த அண்டலாஸ். 2007-இல் அண்டலாஸைச் சுமத்ராவுக்கே அனுப்பிவைத்தார்கள். அங்கே வே கம்பாஸ் சரணாலயத்தில் அது காட்டில் பிறந்த ஒரு பெண்ணோடு சேர்ந்து, 2012-இல் அண்டாட்டு பிறந்தது. அமெரிக்காவில் பிறந்த மகன் தாத்தன் நாட்டுக்குத் திரும்பி வம்சத்தை வளர்த்த கதை இது. விலங்குப் பரிமாற்றத்தில் இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

இரவு சியால்டாவிலிருந்து டார்ஜிலிங் மெயில்.

புதன், சிலிகுரி

காலையில் நியூ ஜல்பைகுரியில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, சேவோக் சாலையில் இருக்கும் பெங்கால் சஃபாரிக்கு ஆட்டோவில் போனேன். 2016-இல் திறந்தது. மகானந்தா காட்டின் ஓரத்தில், சால மரங்களுக்கு நடுவே, பஸ்ஸில் உட்கார்ந்து விலங்குகளைப் பார்க்க வேண்டும். மான்கள் பஸ்ஸைப் பொருட்படுத்தவேயில்லை. புலி ஒன்று தண்ணீர்த் தொட்டியில் பின்பக்கத்தை அமிழ்த்திக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான்.

2018-இல் இங்கே ஷீலா என்ற புலி ஈன்ற மூன்று குட்டிகளில் ஒன்று வெள்ளை. வெள்ளைப் புலியைப் பார்த்தால் எல்லா ஊரிலும் கூட்டம் கூடுகிறது, வண்டலூரிலும் அப்படித்தான். ஆனால் அந்த வெள்ளை நிறத்துக்குப் பின்னால் இருக்கும் கதையைத் தெரிந்துகொண்டே பார்க்க வேண்டும். 1951-இல் ரேவாக் காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் குட்டியை, பிற்பாடு அதன் சொந்த மகளோடு சேர்த்துத்தான் வெள்ளைக் குட்டிகளைப் பெற்றார்கள். உலகப் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் மிகப் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை. மாறுகண்ணும் வேறு பல பிறவிக் குறைகளும் கூடவே வந்தன. இயற்கையில் ஷீலாவுக்கு நேர்ந்ததைப் போல எப்போதாவது ஒரு வெள்ளைக் குட்டி பிறப்பது வேறு. அந்த நிறத்துக்காகவே உறவுக்குள் உறவு கட்டுவது வேறு. முன்னதில் குற்றமில்லை, பின்னதை நான் ஏற்கவில்லை.

2024 பிப்ரவரியில் திரிபுராவின் செபாஹிஜாலா பூங்காவிலிருந்து ஒரு சிங்க ஜோடி பரிமாற்றத்தில் இங்கே வந்தது. அவற்றின் பெயர்கள் குறித்து வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். நாடு முழுக்கப் பெயரைப் பேசினார்கள். சிங்கத்தைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி வம்சாவளி. ஏனென்றால் இந்தியப் பூங்காக்களில் ஒரு காலத்தில் ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் கிர் சிங்கத்தையும் கலந்துவிட்டு, அந்தக் கலப்பினங்கள் பெருகி, கடைசியில் அவற்றின் இனப்பெருக்கத்தையே நிறுத்த வேண்டி வந்தது. தாய் தகப்பன் யாரென்று எழுதிவைக்காததற்கு ஒரு தலைமுறைச் சிங்கங்கள் விலை கொடுத்தன.

வியாழன், மலையேற்றம்

டார்ஜிலிங் பூங்கா மூடியிருக்கும் நாள் என்பதால் மலையேறுவதற்கு இதை வைத்துக்கொண்டேன். ஷேர் ஜீப்பில் பின் இருக்கை. குர்சியாங்கில் தேநீர். கூம் தாண்டும்போது மேகம் வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. பொம்மை ரயிலின் தண்டவாளம் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டே வருகிறது. இறங்கி நடந்தால் ரயிலை முந்திவிடலாம் போலிருந்தது.

பரிமாற்றம் எப்படி நடக்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் காட்டு விலங்கைப் பூங்காக்கள் தங்களுக்குள் விற்கவும் வாங்கவும் முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கென்றே தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டு, 1992-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்தது. அதன் அனுமதி இல்லாமல் விலங்கு ஒரு பூங்காவிலிருந்து இன்னொரு பூங்காவுக்குப் போகாது. எனவே எல்லாம் பண்டமாற்று: நீ அதைக் கொடு, நான் இதைத் தருகிறேன். அருகி வரும் இனங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூங்கா பொறுப்பெடுத்துக்கொள்கிறது. சோலைமந்திக்கு, அதாவது சிங்கவால் குரங்குக்கு, வண்டலூர். பனிச்சிறுத்தைக்கும் சிவப்புப் பாண்டாவுக்கும் டார்ஜிலிங்.

பொறுப்பெடுத்துக்கொள்வது என்றால் முதல் வேலை வம்சாவளிப் பதிவேடு. ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண், அதன் தாய், தகப்பன், அவற்றின் தாய், தகப்பன் என்று எத்தனை தலைமுறை தெரியுமோ அத்தனையும். நம் வீடுகளில் ஜாதகம் வாங்கிப் பொருத்தம் பார்ப்பதைப் போலத்தான் ஜோடி முடிவாகிறது; ஆனால் இங்கே நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை, இரண்டு பேருக்கும் பொதுவான பாட்டன் இருக்கிறானா என்று மட்டும் பார்க்கிறார்கள். யாருக்கு உறவுக்காரர்கள் குறைவோ அந்த விலங்குக்குத்தான் மதிப்பு அதிகம். அழகும் உடற்கட்டும் இரண்டாம் பட்சம்.

வெள்ளி, டார்ஜிலிங்

சௌரஸ்தாவிலிருந்து ஜவஹர் பர்வதம் நோக்கி நடந்தால் அரை மணி நேரத்தில் பத்மஜா நாயுடு இமயமலை உயிரியல் பூங்கா. கிட்டத்தட்ட ஏழாயிரம் அடி உயரம். 1958-இல் தொடங்கியது, 1975-இல் இந்தப் பெயர் வந்தது. மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் டென்சிங் சிலையும் இதே வளாகத்தில்தான். ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்த்துவிடலாம். பாதை முழுக்க ஏற்றம், நல்ல செருப்பு வேண்டும்.

சிவப்புப் பாண்டாவின் அடைப்புக்கு முன்னால் காலை முழுவதும் நின்றேன். வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். முதுகு செம்பு நிறம், வயிறும் கால்களும் கறுப்பு. ஒரு கிளையில் குந்தி உட்கார்ந்து, மூங்கில் தண்டை ஒரு கையால் பிடித்துக் கீழே வளைத்தது. அதன் கையில் விரல்கள் போக, மணிக்கட்டு எலும்பு ஒன்று கட்டை விரலைப் போல நீண்டிருக்கிறது. தண்டு அந்த இடுக்கில் கச்சிதமாக மாட்டிக்கொள்கிறது. இலையைக் கடைவாயில் வைத்து நறுக் நறுக்கென்று அறுத்தது. காம்பைத் தள்ளிவிட்டு நுனியை மட்டும் தின்றது. ஒரு தண்டு முடிந்ததும் உள்ளங்காலை நக்கியது. அந்தக் காலின் அடியிலும் ரோமம் அடர்ந்திருந்தது. பனியில் நடக்கப் பிறந்த கால்.

அருகில் மூங்கில் கட்டு சுமந்துவந்த பராமரிப்பாளரிடம் பேச்சுக் கொடுத்தேன். இங்கே வயதில் மூத்தவரைத் ‘தாஜு’ என்று அழைத்தால் முகம் மலர்கிறது. “தாஜு, இந்த மாதத்தில் குட்டி இருக்குமா?” என்று இந்தியில் கேட்டேன். இணை சேரும் காலம் குளிரோடு முடிந்துவிட்டது என்றும், குட்டிகள் ஜூன், ஜூலையில் பிறக்கும் என்றும் சொன்னார். அதுவரை பெண்களுக்குச் சத்தம் ஆகாது. கூடு பாதுகாப்பில்லை என்று தோன்றினால் தாய் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், குட்டி சோர்ந்துவிடும். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கம்பியைத் தட்டி விசிலடித்தார். தாஜு கட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய், கும்பிட்டு, வேண்டாம் என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதைக் கேட்டு அந்த மனிதர் நகர்ந்துவிட்டார்.

சுற்றுலாக்காரர்கள் பார்ப்பது பாதிதான். தொப்கே தாரா என்ற இடத்தில் இனப்பெருக்க மையம் தனியாக இருக்கிறது. அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லாததை நான் மனதார வரவேற்கிறேன். பனிச்சிறுத்தை இனப்பெருக்கம் 1983-இல் தொடங்கியது. சிவப்புப் பாண்டாவுக்கு 1990-களில். கையில் இருந்த சில பாண்டாக்களை வைத்துக்கொண்டே ஓட்டியிருந்தால் பத்து ஆண்டில் எல்லாம் அண்ணன் தங்கைகளாகியிருக்கும். அதனால் ஐரோப்பியப் பூங்காக்களிலிருந்து புது ரத்தம் வரவழைத்தார்கள். உலகளாவிய பாண்டா பதிவேட்டைப் பராமரிப்பது நெதர்லாந்தின் ராட்டர்டாம் பூங்கா. அங்கிருந்துதான் 2024 டிசம்பரில் விஷால், கோசி என்ற இரண்டு பாண்டாக்கள் தோஹா வழியாகக் கொல்கத்தாவுக்கு வந்து, இந்த மலை ஏறின. இமயமலைப் பாண்டா, ஐரோப்பாவில் பிறந்து, மூதாதையர் மலைக்குச் சம்பந்தம் பேச வந்திருக்கிறது.

இனி என் மனதில் முள்ளாக இருப்பதைச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் சைப்ரஸ் தீவின் பாஃபோஸ் பூங்காவிலிருந்து லாரா, அகமாஸ் என்ற சைபீரியப் புலி ஜோடி இங்கே வந்தது. பதிலுக்கு இரண்டு சிவப்புப் பாண்டாக்கள் சைப்ரஸ் போயின. சைபீரியப் புலிக்கு இந்த ஊரில் பழைய உறவு உண்டு: 1960-இல் சோவியத் தலைவர் குருஷேவ் இந்தியாவுக்கு அளித்த ஜோடி இங்கேதான் வைக்கப்பட்டது. குளிரும் அதற்கு ஒத்துப்போகும். கூட்டமும் வரும், கூட்டம் வந்தால்தான் டிக்கெட் காசும் வரும். இதெல்லாம் புரிகிறது. ஆனாலும் இமயமலை விலங்குகளுக்கென்றே இருக்கும் ஒரு பூங்கா, மலைச்சரிவில் தட்டுப்பாடான இடத்தை ரஷ்யக் காட்டுப் புலிக்குக் கொடுப்பதைவிட, இமயமலைக் காட்டுப் பூனை இனமான படைச்சிறுத்தைக்குக் கொடுத்திருக்கலாம் என்றே எண்ணுகிறேன். மூங்கில் குளிரில் வாழும் பாண்டாவை மத்தியதரைக் கடல் வெயிலுக்கு அனுப்புவதும் எனக்கு உவப்பாக இல்லை. அங்கே நிழலும் குளிர்ந்த அறையும் நன்றாகவே செய்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

வெளியே வரும் வழியில் தார் ஆட்டுக் கூட்டம். கழுத்தில் பிடரி மயிர் தொங்க, பாறை விளிம்பில் நின்றது கடா. இதைப் பார்த்ததும் நம் வரையாட்டின் அண்ணன் என்று சொல்லத் தோன்றும். மரபணு ஆய்வு வேறு சொல்கிறது: இமயமலைத் தார் வெள்ளாட்டுப் பக்கம், நீலகிரி வரையாடு செம்மறிப் பக்கம். தோற்றம் பார்த்து உறவு சொல்லக் கூடாது. இந்தப் பூங்காவில் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தோடு சேர்ந்து 2024-இல் உயிரணு வங்கி தொடங்கியிருக்கிறார்கள். இறந்த விலங்கின் திசுவும் மரபணுவும் உறைநிலையில் சேமிக்கப்படுகின்றன. விலங்கு போனாலும் பதிவேட்டில் அதன் வரி அழிவதில்லை.

சனி, சிங்கலிலா

மானேபஞ்சாங்கிலிருந்து சிங்கலிலா தேசியப் பூங்காவுக்குப் பழைய லேண்ட் ரோவர் வண்டியில் ஏறினேன். எலும்பெல்லாம் குலுங்குகிற பாதை. சாலையின் ஒரு பக்கம் நேபாளம், மறு பக்கம் இந்தியா. ஏப்ரல் மாதம் என்பதால் சரிவெல்லாம் சிவப்பு. ரோடோடென்ட்ரான் பூக்கள்; நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று சொல்கிறோமே, அதன் இமயமலை உறவுகள். அவற்றுக்குக் கீழே இடுப்பளவு மூங்கில், கண்ணுக்கு எட்டிய வரை.

கைரிபாஸில் இறங்கி நடந்தேன். 2003-இல் டார்ஜிலிங் பூங்காவில் பிறந்த ஸ்வீட்டி, மினி என்ற இரண்டு பெண் பாண்டாக்களைக் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி இந்தச் சரிவில்தான் விட்டார்கள். மினி வேட்டை விலங்குக்கு இரையானது. ஸ்வீட்டி காட்டு ஆண் ஒன்றோடு சேர்ந்து அடுத்த ஆண்டு குட்டி ஈன்றது. பாதி வெற்றி, பாதி இழப்பு. அத்தோடு கைவிடாமல் பாடம் படித்தார்கள். 2022 முதல் 2024 வரை ஏழு பெண், இரண்டு ஆண் என ஒன்பது பாண்டாக்கள் மறுபடி விடப்பட்டன. அவற்றில் மூன்று பெண்கள் காட்டிலேயே ஐந்து குட்டிகள் ஈன்றன. 2024-இல் உலக உயிரியல் பூங்காக்கள் சங்கத்தின் விருதுக்கான இறுதி மூன்றில் இந்தத் திட்டம் இடம்பிடித்தது இதற்காகத்தான்.

வழிகாட்டிப் பையன், “சார், பார்க்க முடியும் என்று உத்தரவாதம் தர மாட்டேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டான். பாண்டாவைப் பார்க்கவில்லை. ஒரு மரக்கிளை மேல் அதன் எச்சத்தைக் காட்டினான்: மூங்கில் நார் அப்படியே தெரிகிற பச்சைக் குவியல். தின்றதில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியே வந்துவிடுவதால்தான் அது நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்கிறது. நேற்று அடைப்பில் பார்த்த அதே நறுக் நறுக், இங்கே யாரும் மூங்கில் கட்டு சுமந்துவராமல் நடக்கிறது.

பாதையோரக் கடைகளில் நாய்கள் கூட்டமாகப் படுத்திருந்தன. பாசத்தோடு அவற்றுக்கு பிஸ்கட் போடும் பயணிகளுக்கு ஒரு வேண்டுகோள்: போடாதீர்கள். நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் சிவப்புப் பாண்டாவைக் கொன்றுவிடும். பதிவேடு பார்த்து, ஜோடி சேர்த்து, வளர்த்து, காட்டில் கொண்டுவந்து விட்ட ஒரு பெண்ணை, கடை வாசலில் சோறு கிடைக்கும் ஒரு நாய் இல்லாமல் செய்துவிட முடியும்.

இரவு தும்லிங்கில் தங்கல், சுடச்சுடத் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்.

நாளை இறங்கி காங்டாக் போகிறேன்; அங்கே இருக்கும் பூங்காவும் இந்தப் பாண்டாத் திட்டத்தில் கூட்டாளி. சிங்கலிலாவுக்கு வர நினைப்பவர்களுக்கு: ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரை இந்தத் தேசியப் பூங்கா மூடியிருக்கும். தாய்ப் பாண்டாக்கள் மரப்பொந்தில் குட்டிகளோடு இருப்பதும் அந்த மாதங்களில்தான். அதனால் அதற்கு முன்போ, அக்டோபருக்குப் பின்போ வாருங்கள். அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் மானேபஞ்சாங்கிலேயே கிடைக்கும்.